வேலூர் வெயிலில் மாடி சோலார்: போட்ட பணம் திரும்புமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் 2 கிலோவாட் சோலார் பேனல் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து தெருவில் நடந்தால் யாராவது நிறுத்தி விசாரிக்கிறார்கள். சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று உறவினர்களும் தொலைபேசியில் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. எல்லோருக்கும் உதவட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சோலார் விற்பவன் இல்லை. கட்டணக் கணக்கு முழுவதும் 2024 ஜூலையில் வந்த மின் கட்டணத்தை வைத்துப் போட்டது.

சோலார் லாபமா, நட்டமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

உங்கள் மின் கட்டண ரசீதைப் பார்க்காமல் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு நல்ல லாபம். 300 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு வேண்டாம். நடுவில் இருப்பவர்கள் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

அதென்ன 500 யூனிட்? வெயில் எல்லோர் மாடியிலும் ஒரே மாதிரிதானே அடிக்கிறது?

வெயில் ஒன்றுதான், ஆனால் நாம் மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை ஒன்றில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆகவே 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய், 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

500-ஐத் தாண்டிய உடனே கணக்கே மாறுகிறது. 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 6 ரூபாய் 30 காசு, 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் 11 ரூபாய் 55 காசு. 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய். 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாய். 400-லிருந்து 800 என்றால் மின்சாரம் இரண்டு மடங்கு, பணமோ நான்கு மடங்கு.

சோலார் தயாரிக்கும் யூனிட்டுகள் இந்த ஏணியின் உச்சியிலிருந்துதான் கழிகின்றன. முதலில் கழிவது விலை உயர்ந்த யூனிட். கடைசியில் கழிவது 2 ரூபாய் 35 காசு யூனிட், அதற்கும் கீழே இலவச யூனிட். இலவசமாகக் கிடைப்பதைப் பணம் போட்டுத் தயாரிப்பதில் என்ன பயன்? இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. விற்க வருபவர்களில் பெரும்பாலோர் இதை மட்டும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என்ன செலவாகும்? மானியம் எவ்வளவு?

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 10 கிலோவாட் போட்டாலும் அதே 78,000-தான். இந்தியாவில் தயாரான பேனலாக இருந்தால்தான் மானியம் உண்டு.

எனக்கு வந்த விலைப்புள்ளிகளை ஒட்டி, பொருத்தும் கூலியோடு 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,35,000, 3 கிலோவாட் 1,95,000 என்று வைத்துக்கொள்கிறேன். மானியம் போகக் கைக்காசு முறையே 45,000, 75,000, 1,17,000. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதைக் கேளுங்கள்.

நம் ஊரில் ஒரு கிலோவாட் எவ்வளவு தயாரிக்கும்?

ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கத்திரி வெயிலில் கொட்டும் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். வேலூரில் மே மாதம் 41, 42 டிகிரி அடிக்கும்போது பேனலின் உடம்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். எங்கள் மாடியில் மார்ச் மாதம்தான் சிறந்த மாதம்: நாளுக்கு 9 யூனிட் வரை வருகிறது. மே மாதத்தில் 8-ஐ ஒட்டி நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நாளுக்கு 2 யூனிட்கூடத் தேறாத நாட்கள் உண்டு. மாடித் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்று ஓட இடம் விட்டுப் பொருத்தினால் சூட்டின் இழப்பு குறையும். நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருப்பதால், தெற்குப் பார்த்து அதே அளவு சாய்வு போதும்.

சரி, பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

நான்கு வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு கட்டுவது 235 ரூபாய். ஆண்டு முழுக்க 1,410. 45,000 போட்டு இதை மிச்சம் பிடிக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். வேண்டாம்.

400 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் போட்டால் 160 யூனிட்டுக்கு மட்டும் கட்டினால் போதும். 1,175 ரூபாய் 141 ஆகிறது. ஆண்டுக்கு 6,200 மிச்சம், ஏழு ஆண்டில் முதல் திரும்பும். மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை.

600 யூனிட் வீட்டில் அதே 1 கிலோவாட் போட்டால் 360-க்கு இறங்கிவிடும். 500-க்கு மேல் இருப்பவர்களின் கட்டணப் பட்டியலிலிருந்தே வெளியே வந்துவிடுகிறோம். 2,880 ரூபாய் 987 ஆகிறது. ஆண்டுக்கு 11,350 மிச்சம். நான்கு ஆண்டுகூட ஆகாது. 2 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 17,000 மிச்சம், ஏறத்தாழ நான்கரை ஆண்டு.

அதே 600 யூனிட் வீட்டில் 3 கிலோவாட் போட்டால்? கூடுதலாக 42,000 ரூபாய் கைக்காசு போகும். கட்டணத்தில் கூடுதல் மிச்சம் ஆண்டுக்கு 300 ரூபாய்கூட இல்லை. கழிப்பதற்குக் கட்டண யூனிட்டே மிச்சமில்லையே! என்னிடமும் ‘சார், மூன்று கிலோவாட் போட்டால்தான் முழு மானியம்’ என்றுதான் ஒருவர் சொன்னார். நம் வீட்டு அளவைத் தீர்மானிக்க வேண்டியது மீட்டர். மானியத்தை முழுதாக வாங்கவேண்டும் என்பதற்காக நம் கையிருப்பைக் கொட்டக் கூடாது.

800 யூனிட் வீட்டுக்கு மூன்றாவது கிலோவாட்டும் பயன் தரும். 2 கிலோவாட்டில் ஆண்டுக்கு 23,800 மிச்சம், மூன்று ஆண்டில் முதல் கைக்கு வரும். 3 கிலோவாட்டில் மின் கட்டணமே இல்லாமல் போகும்; ஆண்டுக்கு 28,600 மிச்சம், நான்கு ஆண்டு.

இந்தக் கணக்கில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கும் வலையமைப்புக் கட்டணத்தை, அதாவது மின்வாரியக் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான தொகையை, சேர்க்கவில்லை. உங்கள் பிரிவு அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் 900 யூனிட் வந்தது. அதை வைத்து 3 கிலோவாட் போட்டுவிடட்டுமா?

பொறுங்கள். வேலூரில் ஏ.சி. ஓடுவது மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. மார்கழியில் அதே வீடு 350 யூனிட்டில் நிற்கும். ஒரு கோடை ரசீதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஆண்டில் பாதி நாள் பேனல் வீணாக உழைக்கும். கடந்த ஆறு ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டை ஒத்த ஒரு கணக்கு: தை, மாசியில் 350, பிறகு 650, 800, 600, 500, கடைசியில் மறுபடி 350 யூனிட். சோலார் இல்லாமல் ஆண்டுக்கு 14,700 ரூபாய் கட்ட வேண்டும். 2 கிலோவாட் போட்டால், மழைக்காலக் குறைவையும் சேர்த்துப் பார்த்தாலும் 14,000 ரூபாயை ஒட்டி மிச்சம். 75,000 திரும்ப ஐந்தரை ஆண்டு. 800 யூனிட் வீட்டுக்குச் சொன்ன மூன்று ஆண்டைவிட இது அதிகம்தான். ஆனால் நிஜ வீடுகள் இப்படித்தான் ஏறி இறங்குகின்றன.

மிஞ்சும் யூனிட்டை மின்வாரியம் வாங்கிக்கொள்ளும் என்கிறார்களே?

பகலில் நாம் செலவழிக்காதது வெளியே போகும், இரவில் திரும்ப எடுப்போம். இரண்டையும் இருவழி மீட்டர் எழுதும். மிஞ்சியது அடுத்த கணக்கெடுப்பில் கழியும். அப்படியும் மிஞ்சுவதற்கு, நாம் கட்டும் உயர்ந்த விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்றுச் சம்பாதிக்கலாம் என்று பேனல் போடாதீர்கள். கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் இருப்பதுதான் இதில் வருமானம்.

வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டால் வட்டி வருமே? எது மேல்?

75,000 ரூபாய்க்கு 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 5,250 வட்டி. முதல் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது எடுக்கலாம். சோலாரில் 14,000 மிச்சம். ஆனால் போட்ட பணம் மாடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது, திரும்ப எடுக்க முடியாது. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

பேனலின் ஆயுள் 25 ஆண்டு. ஆண்டுதோறும் உற்பத்தி அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரைப் பத்து ஆண்டு வாக்கில் ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அதற்கு 25,000 ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் கழித்தாலும் மேலே சொன்ன வீட்டுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காட்டை ஒட்டிய வருவாய் நிற்கிறது. வைப்பு நிதி வட்டிக்கு வருமான வரி உண்டு, மிச்சமாகும் மின் கட்டணத்துக்கு இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்: கட்டணம் உயர்ந்தால் வைப்பு நிதி கூடவே உயராது, சோலாரின் மிச்சம் உயரும்.

ஆனால் மருத்துவத்துக்கு என்று வைத்திருக்கும் பணத்தை எடுத்து மாடியில் போடாதீர்கள். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் வாழும் நமக்கு, அவசரத்துக்குக் கையில் பணம் இல்லாமல் தவிக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்.

கடன் வாங்கிப் போடலாமா?

பொதுத்துறை வங்கிகள் இத்திட்டத்துக்குப் பிணையில்லாமல் கடன் தருகின்றன; 2024-இல் வட்டி 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அந்த வட்டியில் 75,000 ரூபாயை ஏழு ஆண்டில் கட்டினால் மாதம் 1,130 ரூபாய் வரும்; மிச்சமாகும் மின் கட்டணமே தவணைக்குச் சரியாகிவிடும். நகையை அடகு வைத்தோ ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோ போடுவது வேண்டாம். அந்த வட்டி லாபத்தைத் தின்றுவிடும்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

ஓடாது. பலர் இதைக் கேட்டுத்தான் அதிர்கிறார்கள். மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண சோலார், மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிர் நம் மாடியிலிருந்து போகும் மின்சாரத்தால் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்தடைக்காக வேண்டுமென்றால் மின்கலம் சேர்ந்த கலப்பு அமைப்பு வேண்டும். மின்கலத்துக்கு மானியம் இல்லை, செலவு கூடும், பணம் திரும்பும் காலம் நீளும். ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டரும் மின்கலமும் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிப்பது எப்படி? எங்கே தடங்கும்?

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். 10 கிலோவாட் வரை, இணைப்பு தாங்குமா என்று மின்வாரியம் பார்க்கும் சாத்திய ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 2024-இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. பொருத்தி முடித்து, இருவழி மீட்டர் வைத்து, இயக்கச் சான்று பதிவேறிய பிறகு மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அது வரும்வரை முழுத்தொகையும் உங்கள் கையிலிருந்தோ கடனிலிருந்தோ போகும். ‘மானியத்தை எங்கள் கணக்குக்கு மாற்றிக்கொடுங்கள்’ என்று யாராவது கேட்டால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எங்களுக்குத் தடங்கியது பெயரில். மின் இணைப்பு காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழ் எடுத்துப் பெயர் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் நகர்ந்தது. வேலூரில் பழைய வீடுகளில் பாதிக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன். சோலார் போடுகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு மூன்றிலும் பெயரின் தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

பழைய மாடி தாங்குமா?

கான்கிரீட் தளம் நன்றாகவே தாங்கும். கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் இன்னும் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தளம்) வீடுகளுக்கு ஒரு கட்டடப் பொறியாளரைக் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கே விழுகிறது என்று ஒருநாள் முழுக்க நின்று பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல், வரிசையில் உள்ள மற்ற பேனல்களையும் இழுத்துவிடும்.

தளத்தைத் துளைத்து ஆணி அடிக்க விடாதீர்கள்; கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றுக்கு அசையாத எடை அதில் இருக்க வேண்டும். இன்னொன்று: நம் ஊரில் இரண்டடி தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் நிறைய. நில இணைப்புக் (எர்த்) குழி ஒப்புக்கு வெட்டப்பட்டால் இடி மின்னலில் இன்வெர்ட்டர் போய்விடும். வேலை முடிந்ததும் நில இணைப்பின் மின்தடையை (ஓம் அளவை) உங்கள் கண் முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கழுவுவது எப்படி?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சூரியன் ஏறுமுன். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கறையை விட்டுவிடும். எனவே குடிநீர்க் குழாய்த் தண்ணீரால் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலையோரமும் கல்குவாரிப் பக்கமும் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும்.

தறி வீடு, பம்ப்செட் வைத்திருப்பவர்கள்?

குடியாத்தம் பக்கத்துக் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம். உழவு பம்ப்செட்டுக்கும் மின்சாரம் இலவசம். அந்த இணைப்புகளுக்காகச் சோலார் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்க முடியாது. வீட்டு இணைப்பின் ரசீதைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

வாடகை வீடு?

மாடி உங்களுடையதில்லை என்றால் வேண்டாம். வீட்டு உரிமையாளர் போட்டாலும், குடியிருப்பவரின் இணைப்பில் வரும் மிச்சம் யாருக்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

மாடியில் வடாம் காயவைக்க இடம் இருக்குமா?

என் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. இருக்கும். பேனலை எட்டடி உயரத்தில் நிறுத்தினால் சட்டக இரும்புக்குச் செலவு கூடும், ஆனால் அடியில் ஆள் நடக்கலாம், துணி உலர்த்தலாம். வடாமுக்கு நேர் வெயில் வேண்டும் என்பதால் வடக்கு ஓரத்தில் பத்தடி விட்டுவைத்தோம். பேனலின் நிழல் தளத்தில் விழுவதால் கீழ் அறையில் மே மாதத்து வெக்கை கொஞ்சம் தணிந்திருக்கிறது. அம்மா இப்போது மதியம் அந்த அறையில்தான் படுக்கிறார். மின்விசிறி மட்டும் போதும் என்கிறார்.